பெருவிரலின் கோடு

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டலில் செல்வமணி இருபத்திரண்டு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். ராதாபுரம் பக்கத்திலிருந்து மலையாளச் சீமைக்கு வந்தவர். மனைவி மாடம்மாளோடு கரமனையில் வாடகை வீடு. அவர் மாவு வீசுவதைப் பார்க்கவென்றே கல்லுக்கு எதிரேயுள்ள மேசையைப் பிடிக்கிறவர்கள் உண்டு.

அப்படி வந்து உட்கார்ந்தவள்தான் ரெம்யா. இயந்திரக் கை செய்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் என்ஜினியர். கனத்தைத் தூக்க அந்தக் கைக்குத் தெரியும், குழைந்த மாவைக் கிழிக்காமல் பிடிக்கத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க உங்கள் கை வேண்டும் என்றாள். செல்வமணிக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்தோறும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்தக் கூடம் இருக்கும் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கே அவர் வலது கையில் ஒரு கையுறையை மாட்டினார்கள். ஒவ்வொரு விரல் மேலும் ரப்பர் போன்ற மெல்லிய பட்டை. விரல் மடங்கினால் பட்டையும் மடங்கும். மடங்கும்போது அதிலேயே துளி மின்சாரம் பிறக்கும். கணினித் திரையில் விரலுக்கு ஒன்றாக ஐந்து கோடுகள் எழுந்து விழும். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் இயந்திரக் கை படித்தது.

ஐந்தாவது மாதம் பெருவிரலின் கோடு தாழ்ந்தது. பட்டை தேய்ந்துவிட்டது என்று ரெம்யா புதிது ஒட்டினாள். அடுத்த வாரம் இன்னும் தாழ்ந்தது. மறுபடி மாற்றினாள். மூன்றாவது முறை, அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கையுறையைத் தன் கையில் மாட்டிப் பெருவிரலை மடக்கினாள். கோடு திரையின் உச்சிவரை போயிற்று.

செல்வமணி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில நாட்களாகச் சட்டைப் பொத்தான் போட நேரமாவதும், டீ கிளாஸ் இரண்டு முறை நழுவியதும் அவருக்குத் தெரியும். எண்ணெய்க் கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வலி உண்டோ, அண்ணா?" என்று ரெம்யா கேட்டாள்.

"வலி ஒண்ணும் இல்ல மோளே."

வலி என்றிருந்தால் சுளுக்கு என்று விட்டிருப்பாள். வலி இல்லை என்றதும்தான் அவள் முகம் மாறியது.

ஆஸ்பத்திரியில் பரிசோதனைகளுக்கே ஒரு மாதம் ஓடியது. தசையை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகிற நோய் என்றார்கள். நோயின் பெயரை மாடம்மாள் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். குணமாகுமா என்று அவள் கேட்டதற்கு டாக்டர், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த செவ்வாயும் அவர் கழக்கூட்டம் போனார். அன்றைக்கு இயந்திரக் கைக்கு முதன்முறையாக மாவு கொடுத்தார்கள். அது உருண்டையை எடுத்து, பரத்தி, மடித்தது. அவர் மடிக்கிற மாதிரியேதான். ஆனால் பெருவிரல் மட்டும் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கணம் பிந்தி வந்தது. மாவு அந்த இடத்தில் சரிந்தது. அவர் நோயையும் சேர்த்தே அது படித்திருந்தது. கடைசி மூன்று மாதப் பதிவை நீக்கிவிட்டு மறுபடி பழக்குங்கள் என்று மேலதிகாரி ரெம்யாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் செல்வமணி அவளிடம் ஒன்று கேட்டார். "டாக்டரு பதமாத்தான் சொல்லுவாரு. நீ கோட்டப் பாத்துச் சொல்லு. ஒளிக்காதே."

அவள் ஒப்புக்கொண்டாள். செவ்வாய்தோறும் கையுறை மாட்டிப் பார்த்தாள். கார்த்திகையில் சுட்டுவிரலின் கோடும் தாழ்ந்தது, சொன்னாள். மறுநாளே ஓட்டல் முதலாளியிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டுக் கல்லை விட்டு விலகினார். வாசலில் நின்று ஆள் கூப்பிடும் வேலை கொடுத்தார்கள். அந்த மூன்று மாதப் பதிவை நீக்கிப் பழக்கிய இயந்திரக் கை பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போயிற்று, பெருவிரல் பிந்தவில்லையாம்.

மாசி மாதம் அவர் இடது கைக்கும் ஒரு கையுறை தைக்கச் சொன்னார். ரெம்யா இரண்டு வாரம் தள்ளிப் போட்டாள். மூன்றாவது வாரம் மாட்டிவிட்டாள். அவர் ஐந்து விரலையும் மடக்கினார். நான்கு கோடுகள் உயர்ந்தன. ஐந்தாவது, பெருவிரலினுடையது, முக்கால்வாசி ஏறி நின்றது.

அன்றைக்குக் கூட வந்திருந்த மாடம்மாள் பக்கத்தில் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா மடக்கல போல," என்றார் செல்வமணி. "இன்னொருக்கா மடக்குதேன்."