வேலிக்கு அங்காலை ஒரு கிணறு

மரியநாயகிக்கு எழுபத்திரண்டு வயது. "நீ எந்த ஊர்க்காரி, அதுக்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்வி மட்டும் இன்னும் அவவை விட்டபாடில்லை. கேட்கிற ஆட்கள்தான் மாறுவார்கள்.

வலிகாமத்து வடகரையில் பிறந்து, அங்கேயே யாகோப்புவைக் கட்டி வாழ்ந்தவ. அரசாங்கம் ஆண்டபோது ஒரு அட்டை, இயக்கம் ஆண்டபோது இன்னொரு அட்டை, சிங்கள ஆமி வந்தபிறகு முகாம் அட்டை. ஒருத்தர் குத்தின முத்திரை அடுத்தவருக்குச் செல்லாது. வெட்கங்கெட்ட முத்திரைகள். தொண்ணூறில் ஷெல் விழ, மூன்று நாளில் திரும்பலாம் என்று நம்பி, காணி உறுதிப்பத்திரம் இருந்த பெட்டியை விட்டுவிட்டு அந்தோனியார் சுருவச் சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடினா. மூன்று நாள் முப்பத்துநாலு வருசமாகிப் போச்சு. யாகோப்பு முகாமிலேயே கண்ணை மூடினார்.

ஊரைப் பிடித்து வைத்திருந்த ஆமி இப்போது கொஞ்சக் காணியை விடுகிறது. முந்தி அங்கே குடியிருந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும், இல்லையென்றால் காணி கைவிட்டுப் போகும். பதிகிற அதிகாரி சிவகரன். அவ ஊரை விட்டு ஓடிய பிறகு உரும்பிராயில் பிறந்த பொடியன். கசங்காத சேட்டு, கசங்காத முகம்.

"அத்தாட்சி வேணும் அம்மா."

"கிணறு நிக்குது தம்பி. கட்டேக்கை ஈரச் சீமெந்திலை மனுசன் ஆணியாலை எங்கடை பேரை எழுதினவர். வந்து பாரும்."

வியாழக்கிழமை மத்தியானம் வந்தான். வீடு நின்ற இடத்தைப் புல்டோசர் வழித்துத் துடைத்திருந்தது. நடுக்காணியால் புது முட்கம்பி வேலி ஓடியது. அதற்கு அங்காலை, ஆமி விடாத பக்கத்தில், ஐந்து எட்டுத் தூரத்தில் கிணறு. 'யாகோப்பு மரியநாயகி 1984' என்று அதன் கட்டுச்சுவரில் பளிச்சென்று தெரிந்தது. சிவகரன் வாய்விட்டே வாசித்தான். படித்த பிள்ளையல்லவா.

"எழுத்துத் தெரியுது அம்மா. ஆனால் வேலிக்கு அங்காலை இருக்கிறதை நான் பதிய ஏலாது. இஞ்சாலை ஒண்டுமில்லையே."

'வதிவிடம் உறுதிப்படுத்தப்படவில்லை' என்று படிவத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டான். அவவுடைய முப்பத்தெட்டு வருசக் குடியிருப்பு அந்தக் கோட்டோடு முடிந்தது. அழுகை வரவில்லை. உவனுக்கு முன்னாலை அழுகிறதே கேவலம் என்று நினைத்தா.

வெயில் கொளுத்தியது. சிவகரன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, காவல் நின்ற ஆமிக்காரனிடம் சிங்களத்தில் பணிவாய்த் தண்ணீர் கேட்டான். அவன் அந்தக் கிணற்றிலேயே அள்ளி, செம்பை வேலிக்கு மேலால் நீட்டினான். சிவகரன் அண்ணாந்து குடித்தான்.

"குடியும் தம்பி," என்றா மரியநாயகி. "இஞ்சை இருந்தேயிராத ஒருத்தியின்ரை கிணத்துத் தண்ணி. நல்லாய்க் குடியும்."

செம்பில் பாதி மிச்சமிருந்தது. அவன் அதையும் குடித்தான்.