மட்டாஞ்சேரிக் கிடங்கில் விண்வெளித் 'தாலாட்டு'

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கில் 'விண்வெளியின் ஒலி' என்று கண்காட்சி வைத்திருக்கிறார்கள் எனக் கேள்விப்பட்டு, போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். எர்ணாகுளம் சவுத்தில் இறங்கியபோது மணி 10.20. அங்கிருந்து பஸ்ஸில் சுமார் ஒன்பது கிலோமீட்டர், இருபது ரூபாய். நுழைவுச்சீட்டு ஐம்பது.

உள்ளே இருட்டறை. ஸ்பீக்கரில் விடிகாலைக் குருவிக் கூட்டம் போலக் கீச்சொலிகள். பக்கத்தில் ஒரு பலகை: 'பூமியைத் தாலாட்டும் சாந்தமான ஓசை'. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாலாட்டாம்! அது ஓசையே இல்லை. பூமியின் காந்தப்புலத்தில் எழும் மின்காந்த அலை. நம் காதுக்காக ஒலியாக மாற்றியிருக்கிறார்கள். அந்த அலை எலக்ட்ரான்களைக் கிட்டத்தட்ட ஒளிவேகத்துக்கு விரட்டிவிடும். அவை செயற்கைக்கோளுக்குள் புகுந்தால் மின்சுற்றையே கெடுத்துவிடும். இதில் சாந்தம் எங்கே வந்தது?

வாய்விட்டே திட்டிவிட்டேன் போல. "நீங்க சொல்றது சரியாக்கும் சார், அது சத்தமே இல்ல, அலை," என்றார் அறைக்காவலுக்கு நின்ற பெண். முப்பது வயதிருக்கும். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து இங்கே துப்புரவு வேலைக்கு வந்தவர்கள். ஒரு மாதமாக நாள் முழுக்க இதையே கேட்டு, என்னதான் இது என்று போனில் மலையாள வீடியோக்கள் பார்த்துத் தெரிந்துகொண்டாராம்.

"இந்த அலை நம்ம பிரைவட் பஸ் மாதிரி சார். கூடவே ஒத்து ஓடுறவங்கள்ல ஒருத்தனை ஏத்திக்கிட்டுப் பறக்கும். இன்னொருத்தனை ரோட்டுல தள்ளிடும். அப்படித் தள்ளின எலக்ட்ரான்தான் கீழ காத்து மண்டலத்துல வந்து விழுது, கேட்டோ."

பத்து வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இப்படிச் சொல்ல வந்ததில்லை.

"வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைச் சொல்லுங்க!"

"ஐயோ, வேண்டாம் சார். சொல்லித்தான் மேனேஜர்கிட்ட திட்டு வாங்கியாச்சு. 'தொடாதீங்க'ன்னு மட்டும் சொன்னா மதியாம், அது போதுமாம். இந்த வேலை போனா பின்னே ஹோட்டல்ல பாத்திரம் கழுவத்தான் போகணும்."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆயிற்று. நேராகப் பார்வையாளர் பதிவேட்டுக்குப் போனேன். 'பலகை எழுதியவரைவிட இவருக்கு நூறு மடங்கு தெரியும்' என்று, அவர் அடையாள அட்டையில் பார்த்த பெயரைப் போட்டு, ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் பிறகுதான் வெளியே கடையில் வாங்கிய சாயாவே இறங்கியது.

பலகையைப் படமெடுக்க மறுநாள் 11 மணிக்குத் திரும்பப் போனேன். கேட்டில் வெயிலில் நின்று சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"நீங்க எழுதினத மேனேஜர் வாசிச்சாச்சு. பலகை உள்ளதான் இருக்கு சார். நான்தான் வெளியில."

மன்னிப்புக் கேட்டேன். "பின்னால ஆள் நிக்குது, டிக்கெட்டக் காட்டுங்க," என்றார்.

போகிறவர்களுக்கு: காலை 10 முதல் மாலை 6 வரை, திங்கள் விடுமுறை. தொப்பி கொண்டுபோங்கள், வரிசையில் நிழல் கிடையாது. பலகையைப் பற்றிப் பதிவேட்டில் தாராளமாகத் திட்டி எழுதுங்கள், இன்னும் மாற்றவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட வேண்டாம். என் கோபம் ஒரு பக்கத்தில் தீர்ந்துவிட்டது; அதற்கு அவர் தினமும் எட்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறார்.