வானம் தெரியாத குழல்

ஆர்டிஸ் ட்வைட்டின் சோளக்காட்டுக்கு ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டைக்கு வருகிறவர்கள் முதலில் காபி குடிக்க வேண்டும். பிறகு துப்பாக்கியைத் திறந்து காட்ட வேண்டும். காலியாகத்தான் இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. அவளே விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பாள். ஒரு வருஷம் எங்கள் பாஸ்டர், "என்ன ஆர்டிஸ், என்மேலயே நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தார்.

"உங்கமேல நிறைய இருக்கு பாஸ்டர். இதுகூடத்தான் எனக்குப் பழக்கம் இல்ல," என்று அவர் கையிலிருந்த துப்பாக்கியைக் காட்டினாள் ஆர்டிஸ்.

தெற்கு டகோட்டாவில் அக்டோபர் வந்துவிட்டால் எங்களுக்கு வேறு பேச்சு கிடையாது. ஆரஞ்சு நிறத் தொப்பியை மாட்டிக்கொண்டு, காய்ந்த சோளத்தட்டைகளுக்கு நடுவே வரிசையாக நடப்போம். காட்டின் எதிர்முனையில் சிலர் நின்றுகொண்டு, ஓடி வரும் பறவைகளை மறிப்பார்கள். காலடியிலிருந்து ஒன்று படபடவென்று கிளம்பியதும் முதலில் பார்த்தவர் "சேவல்!" என்றோ "பெட்டை!" என்றோ கத்த வேண்டும். பெட்டையைச் சுடக்கூடாது என்பது அரசாங்கத்தின் சட்டம். தாழப் பறக்கும் சேவலையும் சுடக்கூடாது என்பது ஆர்டிஸின் சட்டம். பறவைக்குக் கீழே ஆகாயம் தெரிந்தால்தான் துப்பாக்கி தோளுக்கு ஏறலாம். அவள் "நில்லுங்க!" என்றால் வரிசை முழுவதும் குழலை மேலே பார்க்கப் பிடித்து அப்படியே நின்றுவிட வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்பதுண்டு. "பாவம், அவங்க வீட்டுல யாராவது குண்டடி பட்டுச் செத்தாங்களா?" நான் ஒருமுறை அதை அவளிடமே சொல்லிவிட்டேன். ஆர்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரும் சாகலையே! அதுக்குத்தானே இவ்வளவு கத்துறேன்," என்றாள்.

விதியை மீறினால் ஒரே தண்டனை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவளுடைய பிக்கப் வண்டியை ஓட்ட வேண்டும். மற்றவர்களின் கோட்டு, சுட்ட பறவை, களைத்த நாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காட்டைச் சுற்றிப் போய் எதிர்முனையில் காத்திருக்க வேண்டும். எங்கள் ஊர் ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. திங்கட்கிழமை காலை தானியக் கிடங்கில் காபி குடிக்கும் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். சொந்தத் தம்பி டுவேனையே ஆர்டிஸ் விட்டுவைக்கவில்லை. தாழப் பறந்த சேவலை நோக்கி அவன் குழலைத் திருப்பிய மறுகணம், "டுவேன், சாவி வண்டிலயே இருக்கு," என்றாள். அவ்வளவுதான். அவன் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு நடந்தான்.

இப்படிப்பட்டவளின் காட்டுக்குத்தான் போன அக்டோபரில் லைல் ஹெப்னர் வந்தார்.

லைல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர். ஆர்டிஸின் ஒரே மகள் பிரிட்டாவை அவருடைய மகன் டேரனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். நவம்பரில் கல்யாணம். டேரனின் தாய் அவன் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். தாயும் தகப்பனுமாய் இருந்து வளர்த்தவர் லைல். அப்பா ஒரு சொல் சொன்னால் டேரன் மறுசொல் சொன்னதில்லை. அப்பா வேண்டாம் என்றுவிட்டால் அந்தக் கல்யாணம் நடக்குமா என்று பிரிட்டாவுக்கே தெரியாது. நல்ல மனிதர்தான். கொடுக்கிற கையும் பெரியது, குரலும் பெரியது. கோபமோ எல்லாவற்றையும்விடப் பெரியது.

அன்று காலை சமையலறையில் பிரிட்டா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. எனக்காக."

"அவர் காபில சர்க்கரை கூடப் போடறேன்டி. அதுக்கு மேல என்னால ஆகாது."

லைலின் பெருமையெல்லாம் அவருடைய தோட்டாக்களில் இருந்தது. கடைத்தோட்டா வாங்கமாட்டார். குளிர்காலம் முழுக்க வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பழைய கூடுகளை எந்திரத்தில் வைத்துக் கைப்பிடியை இழுத்து இழுத்து, வெடிமருந்து, தக்கை, ஈய ரவை என்று நிரப்பித் தானே தோட்டா செய்வார். எங்கள் பக்கத்தில் பலர் செய்கிற வேலைதான். "கடைத்தோட்டா சேவலுக்கு வலிக்கும். என்னுது வலிக்காது," என்று சிவப்புத் தோட்டா ஒன்றைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். ஆர்டிஸும் சிரித்தாள்.

நடக்கத் தொடங்கினோம். லைலுக்கு இடப்பக்கம் நான், வலப்பக்கம் டேரன், அவனை அடுத்துத் துப்பாக்கியில்லாமல் பிரிட்டா. சிறிது தூரத்திலேயே ஒரு சேவல் நெருப்புப் போல எழும்பியது. "சேவல்!" லைல் சுட்டார்.

வெடிச்சத்தம் வரவில்லை. சோடா மூடியைத் திறந்தது போல 'டப்' என்றது. அவ்வளவுதான். சேவல் பாட்டுக்குப் போய்விட்டது.

"நில்லுங்க!"

வரிசை நின்றது. ஆர்டிஸ் எங்கள் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்தாள். "லைல், குழல் மேலயே இருக்கட்டும். கொஞ்சம் பொறுங்க... இப்ப தோட்டாவையெல்லாம் எடுங்க. குழலைக் கழட்டுவோம்."

"எதுக்கு?"

"மருந்து இல்லாத தோட்டா அது. தக்கையும் ரவையும் வெளிய போச்சா, குழலுக்குள்ளயே நிக்குதான்னு பாக்கணும். நின்னுச்சுன்னா அடுத்த தோட்டாவுல குழல் வெடிச்சுடும்."

முணுமுணுத்தபடியே குழலைக் கழற்றி ஆகாயத்தை நோக்கிப் பிடித்தார். உள்ளே வட்டமாக, வெள்ளிக்காசு போல வானம் தெரிந்தது. தக்கை வெளியே போயிருந்தது.

"பாத்தீங்களா? காதை மாத்துங்க சம்பந்தி!" லைலின் சிரிப்பு காடு முழுக்கக் கேட்டது. வரிசையில் பாதிப்பேர் கூடவே சிரித்தார்கள்.

ஆர்டிஸ் கொஞ்சமும் கலங்கவில்லை. தன் பையிலிருந்து கடைத்தோட்டாப் பெட்டியை எடுத்து நீட்டினாள். பச்சைத் தோட்டாக்கள். "எந்திரத்துல மருந்து தீர்ந்தது தெரியாம நீங்க கைப்பிடிய இழுத்திருக்கீங்க. ஒன்னு அப்படி வந்தா கூடவே நாலஞ்சு வந்திருக்கும். இனிமே இதைப் போடுங்க."

"சரி, சரி. வீட்டுக்காரம்மா சொன்னா கேக்கணும்." பெட்டியை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். மற்றப் பைகள் அவருடைய சிவப்புத் தோட்டாக்களால் புடைத்திருந்தன. ஆர்டிஸின் பார்வை அந்தப் பைகளில் விழுந்ததை நான் கவனித்தேன். அவள் கை லேசாக முன்னால் நீண்டது. அடுத்த கணம் பிரிட்டாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்கள் தாயிடம் கெஞ்சிக்கொண்டிருந்தன. நீண்ட கை திரும்பிவிட்டது. ஆர்டிஸ் தன் இடத்துக்குப் போய், "நடங்க!" என்றாள்.

சோளம் முடிந்து நாணல் தொடங்கும் இடத்துக்கு வந்தோம். அங்கேதான் பறவைகள் பதுங்கும். வந்து சேர்ந்ததுமே தரை வெடித்தது போலச் சேவல்கள் கிளம்பின. லைல் சுட்டார்.

'டப்.'

"நில்லுங்க!"

எல்லோரும் நின்றோம். லைல் மட்டும் நிற்கவில்லை. சரக்கென்று அடுத்த தோட்டாவை ஏற்றி, மேலே போகும் சேவலை நோக்கித் துப்பாக்கியைத் தூக்கினார்.

"லைல்! சுடாதீங்க!"

"மறுபடியுமா? ஒவ்வொரு தடவையும் உங்களுக்குப் பரீட்சை எழுதிட்டு இருக்க முடியாது!"

"அப்பா!"

கத்தியது டேரன். அப்பாவின் முன்னால் குரல் உயர்த்தி அறியாத பிள்ளை! ஓரடி பின்வாங்கி, பக்கவாட்டிலிருந்து கை நீட்டி, குழலை அடியில் தாங்கி நேராக வானத்தை நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டான். "விசையிலேர்ந்து விரலை எடுங்கப்பா. அவங்க நில்லுன்னா நிக்கணும்."

லைலின் முகம் பீட்ரூட் நிறத்துக்கு மாறியது. "உன் மாமியார் பேச்சைக் கேட்டு என் கையத் தடுக்கறியா? இதோ பாருங்க ஆர்டிஸ், எல்லார் முன்னாலயும் சொல்றேன். இந்தக் குழல்லயும் வானம் தெரிஞ்சுதுன்னா, என் வீட்டுலேர்ந்து ஒரு ஆள் அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டான்!"

பிரிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஒரு துப்பாக்கிக் குழலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதே என்று பதறினேன்.

"தெரிஞ்சாலும் நான் நில்லுன்னு சொன்னது சரிதான், லைல். கழட்டுங்க," என்றாள் ஆர்டிஸ். அவள் குரல் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

தோட்டாக்களை வெளியே எடுத்தார். குழலைக் கழற்றினார். ஆகாயத்தை நோக்கிப் பிடித்தார்.

இருட்டு.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இருட்டுதான். ஆர்டிஸ் குழலை வாங்கி, பிக்கப்பில் கிடந்த நீளக் குச்சியைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே விட்டுக் குத்தினாள். ஒரு பிளாஸ்டிக் தக்கை அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பின்னால் கடுகு கொட்டுவது போல ரவை கொட்டியது. லைலின் காலடியில் புல்லில் கிடந்த காலிக்கூடு சிவப்பு நிறம். பச்சைப் பெட்டி அவர் பையில் பிரிக்கப்படாமல் இருந்தது.

லைல் மகனைப் பார்த்தார். சற்றுமுன் குழல் இருந்த உயரத்தையும் டேரனின் முகம் இருந்த உயரத்தையும் அவர் கண்கள் அளந்தன. "தாயில்லாப் பிள்ளைடா நீ..." என்றவர் எல்லாப் பைகளையும் கவிழ்த்துச் சிவப்புத் தோட்டாக்களை ஆர்டிஸின் தொப்பியில் கொட்டினார்.

"சாவி வண்டிலயே இருக்கு, லைல்," என்றாள் அவள்.

பிரிட்டா "அம்மா..." என்றாள். லைல் தலையை மட்டும் அசைத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

அடுத்து நடந்ததை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆர்டிஸ் தன் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, அதைப் பிரிட்டாவின் கையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"முதல் தடவையே அந்தப் பையைக் காலி பண்ணச் சொல்லியிருக்கணும். கை நீட்டவும் போனேன். உன் கல்யாணத்தை நினைச்சு விட்டுட்டேன். வரிசைய நடத்துறவ அப்படி விடக்கூடாது. மிச்சக் காட்ட நீ நடத்து."

"நானா?"

"உனக்குக் குரல் இருக்கு. கண்ணு இருக்கு. அப்புறம் என்ன?"

அவளும் வண்டிக்கு நடந்தாள். முழங்கால் வலி தாங்காமல் நானும் நாயுடன் பின்தட்டில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடி திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றும் சத்தம் கேட்டது.

"நீங்க எதுக்கு இங்க?" என்றார் லைல்.

"என் தண்டனைய நான் அனுபவிக்கிறேன். நீங்க ரோட்டைப் பாருங்க. அங்க பள்ளம் இருக்கு."

பள்ளத்தில் இறங்கி ஏறினார். நாய் என் மடியில் விழுந்தது.

"சொன்னேன்ல," என்றாள் அவள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான்... கல்யாணத்துக்கு வரலாமா?"

"வரலாமாவா? வரலைன்னா நானே வந்து இழுத்துட்டு வருவேன். துப்பாக்கி மட்டும் வேண்டாம்."

லைல் சிரித்தார். சிரிப்பில் அழுகை கலந்திருந்தது. கையின் பின்புறத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எதிர்முனையில் வண்டியை நிறுத்தியபோது காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. "நில்லுங்க! டேரன், உன்னத்தான்! வரிசையத் தாண்டி எங்க போற?"

ஆரஞ்சுத் தொப்பிகள் அத்தனையும் அப்படியே நின்றன. டேரன் குழலை மேலே பிடித்து, அவசர அவசரமாகத் தன் இடத்துக்குப் பின்வாங்கினான்.

"ஐயோ, என் பையன் கதி..." என்றார் லைல்.

"கொடுத்து வெச்சவன்," என்றாள் ஆர்டிஸ், அவருக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றியபடி.