சந்தேகத்துக்கு இரண்டு சொற்கள்

பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குப் பால் காய்ச்சினேன். 5.40 முதல் 5.58 வரை ஆங்கிலச் செய்தித்தாளின் குறுக்கெழுத்து. இரண்டு சொற்கள் கிடைக்கவில்லை. 7.35 வண்டியில் தாம்பரம் முதல் கிண்டி வரை உட்கார இடம் கிடைத்தது. மாலை 6.50க்கு, வீட்டருகே உள்ள சூப்பர் மார்க்கெட்டில், ஸ்டெல்லாவிடம் பொய் சொன்னேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவளிடம் சொன்ன அதே பொய்.

அந்த முதல் பொய்யால் அவள் வேலை போயிற்று. அவளுக்கு வந்திருக்கக்கூடிய பதவியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன், அதிலும் எழுதியதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் எனக்கு யாரும் இல்லை என்பதால்தான் சொல்ல முடிகிறது.

நானும் ஸ்டெல்லாவும் தமிழ் வழியில் படித்தவர்கள். கிண்டியில் தோல் கையுறை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் எதிரெதிர் மேசை. அவள் தரம் பார்ப்பாள், நான் கோப்புகளைப் பார்ப்பேன். வெளிநாட்டிலிருந்து மெயில் வந்தால், அதைத் திறக்க ஒருவரையொருவர் கைகாட்டுவோம். இப்படியே எத்தனை நாள் என்று, நாங்களாகவே ஆங்கிலம் கற்கத் தொடங்கினோம்.

காலையில் ரயிலில் குறுக்கெழுத்து. இடமிருந்து வலம் எனக்கு, மேலிருந்து கீழ் அவளுக்கு. பழைய புத்தகக் கடையில் வாங்கும் துப்பறியும் நாவலை ஸ்டெல்லா நடுவில் இரண்டாகக் கிழித்துவிடுவாள். ஆளுக்குப் பாதி, வாரக்கடைசியில் மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு மனம் கேட்காது. படித்து முடித்ததும் இரண்டு பாதிகளையும் பசைபோட்டு ஒட்டி வைப்பேன். ஞாயிறன்று அவள் சர்ச்சிலிருந்து வந்ததும் பெருங்களத்தூரில் அவள் வீட்டில் ஆங்கிலப் படம். கீழே ஆங்கில எழுத்து ஓடும். நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி எழுதிக்கொள்வோம். "இன்னா, படம் பாக்கறீங்களா, பரீட்சை எழுதறீங்களா?" என்று அவள் கணவர் கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, சொல், கிடைத்த இடம், பொருள் என்று நான்கு பத்திகள். ஸ்டெல்லா வராத நாளில் கிடைத்த சொற்களை மறுநாள் ரயிலில் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அது எங்களுக்குள் ஒப்பந்தம்.

பிறகு, வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக நியமிக்கப் போவதாக மேனேஜர் சொன்னார். எங்கள் இருவரில் ஒருவர். அவள் என்னைவிடத் தைரியமாகப் பேசுவாள். பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் பேசுவாள். அவளுக்குத்தான் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் 5, புதன்கிழமை. ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைய குறுக்கெழுத்தில் ஒரு சொல் எனக்கு வரவே இல்லை. மறுநாள் விடையைப் பார்த்து, அகராதியையும் புரட்டிய பிறகுதான் புரிந்தது. நம் 'சந்தேகம்' ஆங்கிலத்தில் ஒன்றல்ல, இரண்டு. 'சஸ்பெக்ட்' என்றால், ஒன்று நடக்கும் என்று சந்தேகிப்பது. 'டவுட்' என்றால், அது நடக்குமா என்றே சந்தேகிப்பது. அதாவது, நடக்காது என்று நினைப்பது. இரண்டும் நேரெதிர். நாமோ இரண்டுக்கும் டவுட் என்றே சொல்லிப் பழகியவர்கள்.

நோட்டில் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அந்த வாரம் எதையுமே படித்துக் காட்டவில்லை... மறந்துவிட்டேன் என்றேன்.

மார்ச் 11. மேனேஜர் வெளியூரில் இருந்தார். மூன்றாவது லாட் கையுறையை ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்த ஸ்டெல்லா, துணியில் லேசாகக் கறை கண்டாள். அனுப்பலாமா, நிறுத்தலாமா என்று வாங்குபவர் கேட்டிருந்தார். அவளே பதில் எழுதி, என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

திரையில் நட்டநடுவே இருந்தது அந்த வரி. 'ஐ டவுட் த டை வில் ரன்.'

"சாயம் போகும்னு சந்தேகமா இருக்கு. அதானே வந்திருக்கு?"

வரவில்லை. சாயம் போகாது என்றே நினைக்கிறேன் என்று வந்திருந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். அந்தச் சொல் என் கைப்பையில், நோட்டில், அடிக்கோட்டுடன் இருந்தது.

"அதேதான். அனுப்பு," என்றேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: மகிழ்ச்சி, உடனே அனுப்புங்கள். ஸ்டெல்லா சிரித்தாள். "கறை ஆனாலும் பரவால்லன்றான் பாருங்கக்கா. ரொம்ப அவசரம் போல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டிகள் இரண்டு நாள் கிடங்கில்தான் கிடந்தன. இரண்டு நாள்... நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நாட்குறிப்பைப் பார்த்தேன். அலமாரியைத் துடைத்து, கோப்புகளுக்குப் புது அட்டை போட்டிருக்கிறேன்.

சரக்கு திரும்பி வந்தது. கூடவே அவளுடைய மெயிலின் நகலும். மேனேஜர் அதை எல்லோர் முன்னிலும் வாசித்தார்.

"சாயம் போகாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க, ஸ்டெல்லா."

"போகும்னுதான் சார் எழுதினேன்."

"இங்கிலீஷே தெரியாம எதுக்கும்மா இந்த வேலை?"

அவள் என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. 'நீங்களாவது சொல்லுங்கக்கா' என்ற பார்வை. நான் கோப்பின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு அவிழவில்லை. அவிழ்ந்திருந்தால் மட்டும் பேசியிருப்பேனா?

அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் நின்றுவிட்டாள். தன் பாதி நாவலை என்னிடம் தந்து, "எனக்கு இது வராதுக்கா. உங்களுக்காவது வருதே," என்றாள். அதையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது அவள் இந்த சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். வாரம் இருமுறை பார்க்கிறேன். நன்றாகத்தான் பேசுகிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்று மாலை, சாமான்களை ஒவ்வொன்றாக இயந்திரத்தில் காட்டியபடியே சொன்னாள்: "அக்கா, மறுபடி இங்கிலீஷ் படம் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். செல்லுலதான், ஹெட்போன் போட்டுகினு."

"நல்லது."

"ஒரு டவுட்டுக்கா. டவுட்லயே டவுட்." அவளே சிரித்தாள். "ஒரு பொண்ணு ஃப்ரெண்டைக் கேக்கறா, அவன் இன்னிக்கு வருவானான்னு. அவ 'ஐ டவுட் இட்'ன்றா. வருவான்னு சந்தேகமா இருக்குன்னுதானே? ஆனா சொல்லிட்டு, கதவைப் பூட்டிக்கினு கெளம்பிட்டாளே. வரப்போறவனுக்கு எதுக்கு பூட்டு?"

துவரம்பருப்புப் பாக்கெட் அவள் கையிலேயே நின்றது.

"மேடம், அவன் வந்தானா இல்லையான்னு நாளைக்குப் பேசுங்க," என்றார் எனக்குப் பின்னால் நின்றவர். "எனக்கு தயிர் மட்டுந்தான்."

"தோ ஆச்சு சார்," என்றாள் ஸ்டெல்லா. விடைக்கு ஒரு சொல் தொலைவில் நின்றுகொண்டிருந்தாள். 'வரமாட்டான்' என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

"படத்துல அப்படித்தான் இருக்கும். டவுட்னா சந்தேகம். அவ்ளோதான்," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான்க்கா."

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன்? முன்பே கண்டுபிடித்துவிட்டாளா? என்னைச் சோதித்தாளா? அல்லது, இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் என்னை நம்பித்தான் கேட்டாளா? இரண்டில் எது எனக்கு மோசம் என்று தெரியவில்லை.

உங்களிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வித்தியாசம் அப்போது எனக்கும் தெரியாது, பின்னால்தான் கற்றேன் என்று பல ஆண்டுகளாக என்னையே நம்பவைத்திருந்தேன். ஏறக்குறைய நம்பியும் விட்டேன். நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் பரணிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். தேதி இருந்தது. மார்ச் 5. அதன் பக்கத்தில் சிவப்பு மையில், விடை மறுநாள், மார்ச் 6. அவள் மெயில் அனுப்பியதற்கு ஐந்து நாள் முன்பு. என் ஒழுங்கு எனக்கு ஒரு சந்தேகத்தையும் விட்டுவைக்கவில்லை.

களைப்பாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்க மாட்டேன். கேட்க வேண்டியது உங்களிடம் அல்ல.

பிப்ரவரி 19, புதன்கிழமை. 5.10க்கு எழுந்தேன். பால் காய்ச்சவில்லை. குறுக்கெழுத்தைத் திறக்கவில்லை. முதல் வேலையாக ஸ்டெல்லாவை அழைத்தேன்.

"என்னக்கா இந்நேரத்துல? ஒடம்பு நல்லா இருக்கா?"

"நேத்து கேட்டியே, டவுட்... பூட்டைப் பாத்து நீ சந்தேகப்பட்டதுதான் சரி. அவன் வரமாட்டான்னுதான் அர்த்தம்."

அவள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"அப்போ, அந்த மெயில்ல நான் எழுதினது..."

"ஆமா."

"உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சுது?"

நான் தேதியைச் சொன்னேன். நோட்டில் உள்ளபடியே சொன்னேன்.

இரண்டாவது விசில். மூன்றாவது.

"குக்கர் எறக்கணும். வெக்கிறேன்," என்றாள்.

பதினெட்டு ஆண்டுகளில், 'அக்கா' இல்லாமல் அவள் என்னிடம் விடைபெற்றது அதுதான் முதல் முறை.