நண்பகல் மணிக்கு இழுத்த வலை

நண்பகல் மணி அடித்தால் செய்கிற வேலையை அப்படியே நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, திரிகால செபம் சொல்வது என் வழக்கம். எங்கள் கரைவலையில் வேலை செய்யும் கத்தோலிக்க வேதக்காரர் எல்லாரும் அப்படி நிற்க வேண்டும் என்பது நான் போட்ட ஒழுங்கு. அந்த நேரத்துக்குள் வலை கரையேறிவிடும் என்பதால் ஒருநாளும் சிக்கல் வந்ததில்லை.

அன்று நீரோட்டம் பார்த்துக் காத்திருந்ததில் வலை வளைக்கப் பிந்திவிட்டது. ஒரு கிழமையாக, மீன் சேரும் மடியில் பாசியும் தொட்டால் சொறியும் சொறிமுட்டையும்தான். அன்றும் வெறுமையாக வந்தால், கயிறு இழுப்பவர்கள் வலை இழுக்க ட்ரக்டர் வைத்திருக்கிற பக்கத்து மீன்வாடிக்குப் போய்விடுவார்கள். அதை அவர்கள் என்னிடம் மறைக்கவும் இல்லை.

மடி கரையை நெருங்கியபோது தண்ணீர் உலைபோலக் கொதித்தது. அத்தனையும் சூடை மீன்! அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி அடித்தது.

இடப்பக்கக் கயிற்றில் நின்ற நாங்கள் வேதக்காரர். பழகிய கை தானாக நின்றது. வலப்பக்கம் கண்டாவளையிலிருந்து வந்த சைவக்காரர்; அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கயிறும் ஒன்றாக வராவிட்டால் வலை சரியும், மீன் வந்த வழியே போய்விடும். வலை சரிவது என் கண்ணுக்கே தெரிந்தது. நான் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி பின்னாலிருந்து சொன்னாள்: “கயித்தை விடாதேங்கோ. வாய் சும்மாதானே இருக்கு.”

தொப்பியை எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். செபத்தின் முதல் வரியைக் கத்தினேன். எங்களவர்கள் பதிலைச் சொல்லி இழுத்தார்கள். ஒருவர் முன்னால் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லும் செபம் அது. கயிறு இழுக்கும்போது நாங்கள் பாடும் அம்பாவும் அப்படித்தான். இத்தனை வருடம் இரண்டையும் சொல்லியும் இது எனக்குத் தோன்றியதே இல்லை. கொஞ்சத்தில் வலப்பக்கமும் சேர்ந்துகொண்டது. பதில் தெரியாததால் அவர்கள் ஒவ்வொரு வரிக்கும் “ஏலேலோ” போட்டார்கள். என் மனைவி சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் பாதி மணலுக்குப் போனது. செபம் முடிந்தும் மடி வரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன்.

மடியை ஏற்ற எல்லாருடைய கையும் தேவைப்பட்டது. கண்டாவளைக்காரர் ஒருவர் முழங்கால்வரை சூடைக்குள் நின்றபடி கேட்டார்: “நாளைக்கும் இந்தப் பாட்டுத்தானே, அண்ணை?”

ஓம் என்றேன். அவர் நாளைக்கும் வருகிறார் என்பது பிறகுதான் உறைத்தது. மாதாவுக்கு நன்றி சொல்லத் தொப்பியைக் கழற்றப் போனேன். அது மடிக்குள் மீனோடு கிடந்தது.