குமிழைக் கால் சுற்றுத் திருப்பினேன்

வாழ்க்கையில் நான் செய்த தவறுகளில் இதுதான் பெரியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் படிப்பைக் கருவியாக வைத்துக்கொண்டு ஒருவரை ஏமாற்றியது இந்த ஒரு முறைதான். அதனால் எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர். சனி ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தேன். என்னுடையது கல்கத்தாவிலிருந்து வந்த பழைய கிடார்; வயிறு வெடித்து, பிசின் வைத்து ஒட்டியது. குழுவில் இன்னொரு கிடார்க்காரர் இருந்தார். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. என்னைவிட நாலு வயது மூத்தவர், நான் அண்ணா என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். அவரிடம் இருந்தது அசல் எலெக்ட்ரிக் கிடார். உள்ளே குடைவே இல்லாமல் முழுப் பலகையில் செய்தது. சேலம் ஜங்ஷனில் ஆங்கிலோ இந்திய எஞ்சின் டிரைவர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனபோது, அவருடைய சாமான்களைச் சேதமில்லாமல் மெட்ராஸ் துறைமுகத்தில் சேர்த்த நன்றிக்காக அண்ணாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

அதன் நிறம் முற்றிய மாம்பழம் போல நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. ஒரு கம்பியைத் தட்டிவிட்டால் நாதம் நின்றுகொண்டே இருக்கும். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அது இன்னும் ஓயாமல் இருப்பதாக எனக்குத் தோன்றும். எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

கனம்தான் அதன் குறை. அண்ணா ஒரு நாள் அதை ஆபீஸ் தராசில் வைத்து நிறுத்தார். நாலே முக்கால் கிலோ. அவரோ ஒட்டடைக்குச்சி போன்ற உடம்பு. எங்கள் குழுவில் எல்லோரும் நின்றுகொண்டு, ஆடிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். தோளில் துண்டை நாலாக மடித்து வைத்து அதன்மேல் வாரைப் போட்டுப் பார்த்தார். வெண்ணந்தூர்க் கச்சேரியில் பாட்டின் நடுவே இடது கை மரத்துப்போய், விரல் கம்பியில் நிற்கவில்லை. பாட்டு நொண்டியது. கூட்டத்தில் ஒருவர், "கிடாருக்குத் தூக்கம் வந்துருச்சாட்ட இருக்குதுங்கோ!" என்று கத்தினார்.

குழுத்தலைவர் மேடைக்குப் பின்னால் சுருக்கமாகச் சொன்னார்: "ஆடிப்பெருக்குக்குக் குமாரபாளையத்துல கச்சேரி. அதுல நின்னு வாசிக்கறதா இருந்தா வாங்க. உக்காந்துதான் வாசிப்பேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

திரும்பி வரும்போது அண்ணா மரத்த கையை நீவிக்கொண்டே வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, இதே மாதிரி, ஆனா கனமில்லாம ஒண்ணு செய்ய முடியாதுங்களா? நீங்க படிச்சவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

முடியும் என்றேன். அந்த நிமிடம் உதவத்தான் நினைத்தேன்.

முதலில் சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் போனோம். லேசான மரம் வேண்டும் என்றதும் அங்கிருந்த ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "பத்து டன் தாங்கற மரம் கேளுங்க, குடுக்கறேன். காத்தடிச்சாப் பறக்கற மரத்த நான் எதுக்குங்க வெச்சிருக்கப் போறேன்?" பிறகு நாங்களாகவே வேலியில் நின்ற கல்யாண முருங்கையை வெட்டி, காயவைத்து, அறுத்துப் பார்த்தோம். பஞ்சுபோல லேசு. ஆனால் கம்பியை இழுத்துக் கட்டியதும், வெண்ணெயில் குத்திய குச்சிபோலத் திருகாணிகள் வெளியே வந்துவிட்டன.

அப்போதுதான் எனக்கு எங்கள் மாதா கோயில் பங்கின் சவப்பெட்டி ஆசாரி நினைவுக்கு வந்தார். பெட்டி கனத்தால் தூக்குகிறவர்கள் ஏசுவார்கள். ஆணி பிடிக்காவிட்டால் வீட்டார் ஏசுவார்கள். லேசாகவும் உறுதியாகவும் இருக்கும் மரம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. போய்க் கேட்டேன். உடனே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"யாரு சார் தவறுனது?"

"யாரும் இல்லை. கிடார் செய்ய."

"கிடாரா? எத்தன அடி?"

"ஒன்றேகால் அடி இருந்தால் போதும்."

"அடப் பாவமே, கொழந்தையா?"

அவருக்குப் புரியவைக்க ஒரு சிலுவைப்பாதை முழுக்கச் சொல்லும் நேரம் ஆனது. புரிந்ததும் மலைவேம்புப் பலகை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தூக்கினேன், கை தானாக மேலே போனது. ஆணி அடித்துக் காட்டினார், இறுகப் பிடித்தது. நான் வரைந்துகொடுத்தபடி அறுத்து, இழைத்து, மெருகு போட்டு இரண்டு வாரத்தில் கொடுத்தார். கொடுக்கும்போது, "நான் செஞ்சதுல சத்தம் போடப்போறது இது ஒண்ணுதான்" என்றார்.

கழுத்துக்கு என் பழைய கிடாரின் கழுத்தையே கழற்றி மாட்டினேன். பழைய ஹெட்போன்களிலிருந்து காந்தங்களையும் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியையும் எடுத்து, ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றி, கம்பிகளுக்கு அடியில் வைத்தேன். தராசில் வைத்தோம். இரண்டே முக்கால் கிலோ. அண்ணா அதை மாட்டிக்கொண்டு புக்கிங் ஆபீஸுக்குள் ஒரு சுற்று ஆடினார். பார்சல் மூட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்த சுமைகூலிகள் விசிலடித்தார்கள்.

ஆனால் சத்தம் பெரிய கிடார் அளவுக்கு இல்லை. நாதம் சீக்கிரம் அடங்கிவிட்டது. மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது வேறு, இது வேறு. அண்ணாவுக்கும் சந்தேகம் இருந்தது. "வாசிக்கறவனுக்குக் கேக்கறது வேற, கேக்கறவனுக்குக் கேக்கறது வேறங்களே. நீங்க வாசிங்க, நான் தள்ளி உக்காந்து கேக்கறேன்" என்றார்.

ஞாயிறு மதியம் பள்ளிக்கூட மண்டபத்தில் கடைசி பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள். எது எந்தக் கிடார் என்று தெரியக் கூடாது. விஞ்ஞான முறை அதுதான்" என்றேன். மனிதர் பிள்ளைபோலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சின்னதை வாசித்தேன். பிறகு பெரியதை எடுத்தேன். எடுக்கும்போது அதன் உடம்பிலிருந்த குமிழைக் கால் சுற்றுத் திருப்பினேன். சத்தம் கம்பளிக்குள் சுற்றியதுபோல மங்கியது. அதே பாட்டை வாசித்தேன்.

"முதல்ல வாசிச்சதுதானுங்க தெளிவா இருந்துச்சு. அது எது?"

"சின்னது."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் இன்றும் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை. "அப்பறம் இந்தக் கல்லு எனக்கு எதுக்குங்க? உங்க கிடாரப் பிரிச்சுத்தான இதச் செஞ்சீங்க. நீங்களே எடுத்துக்கங்க" என்றார். நான் ஒரு தரம் வேண்டாம் என்று சொன்னேன். ஒரே தரம்தான்.

குமாரபாளையத்தில் காவிரி நிறைய வெள்ளம், கரை நிறைய ஜனம். அண்ணா துள்ளினார், குனிந்தார், சுற்றினார். தறிக்காரர்கள் துண்டை வீசினார்கள். குழுத்தலைவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் பின்வரிசையில் நாலே முக்கால் கிலோவோடு வியர்த்து நின்றேன். மூன்றாம் பாட்டிலேயே தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. ஆனால் வலித்தது அதனால் மட்டும் இல்லை. இடைவேளையில் அண்ணா வந்து, தன் துண்டை மடித்து என் வாருக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எடுத்ததைத் திருப்பிக் கொடு. செய்ததையும் சொல்லு. சொல்லாமக் கொடுத்தா அது தானம் பண்ணின மாதிரி ஆயிடும்."

"சரி சாமி."

"எவ்வளவு கனம்னு சொன்ன?"

சொன்னேன்.

"அப்போ வேற தவம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே தூக்கிட்டுப் போ."

சங்ககிரியில் வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணா வீட்டு வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாத்தியாரே! ஏனுங்க, அந்தக் கல்லயும் தூக்கிக்கிட்டு?"

நின்றபடியே சொன்னேன். குமிழைத் திருப்பியதைச் சொன்னேன். ஏன் திருப்பினேன் என்பதையும் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நான் கண்ண மூடிக்கிட்டு இருந்தப்பவா?"

"ஆமாம்."

"விஞ்ஞானம்னு சொன்னீங்களே."

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. உள்ளே போய்ச் சின்னக் கிடாரையும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் எடுத்துவந்தார். "இப்ப ரெண்டையும் வாசிங்க. நான் கண்ணத் தொறந்துக்கிட்டே கேக்கறேன்."

வாசித்தேன். சின்னது முடிந்தது. பெரியதில் கடைசிக் கம்பியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். நாதம் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. அண்ணா அது முழுதும் அடங்கும்வரை அசையவில்லை.

"இது என்னுதுங்களே" என்றார், தனக்குள் சொல்வதுபோல.

பிறகு பெரிய கிடாரை வாங்கிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். மடியில் அது கனக்கவில்லை. சின்னதை எடுத்துக்கொள்ளலாமா என்று நான் கையை நீட்டினேன்.

"அது எங்கிங்க போகுது? பெரிச நீங்க திருப்பிக் குடுக்கறீங்க. சின்னத நான் அவ்வளவு பெரிச குடுத்தில்ல வாங்குனேன்? இது ஊட்டுல உக்காந்து வாசிக்க, அது மேடையில நின்னு வாசிக்க."

"அண்ணா, அப்படியானால் எனக்கு?"

"உங்களுக்குப் படிப்பு இருக்குதுங்களே!"

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே திரும்பி, "வாத்தியாருக்கு இலை போடு" என்று சத்தம் கொடுத்தார். சாப்பிட்டேன். பஸ் ஏற்றிவிடவும் வந்தார். ஆனால் பழையபடி பேச அவருக்கு ஒரு மாதம் ஆனது.

கழுத்தில்லாத என் பழைய கிடாரை எந்தக் குழுவும் மேடையில் ஏற்றாது. அடுத்த தை மாதம்வரை எல்லாக் கச்சேரியிலும், அண்ணா முன்வரிசையில் துள்ள, நான் பின்னால் நின்று, உள்ளே விதை போட்ட இரண்டு சுரைக்குடுக்கைகளை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவற்றைத் தராசில் வைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.