கடலைப் பார்த்து நின்றவர்

வாழைச்சேனைக்கு முன்னால் பஸ் பழுதாகி நிற்கிறது. தேநீர்க் கடைக்குப் பின்னால் கூரையில்லாத அரிசி ஆலை. கரிந்த சுவரடியில் சிந்திய நெல் முளைத்திருக்கிறது.

"இது ஷெல் குண்டு விழுந்ததா, சுனாமி அடித்ததா?" என்று கடைக்கார அம்மாவிடம் கேட்கிறேன்.

"ரெண்டுமில்ல தம்பி. நெல் அவிக்கிற பொயிலர் வெடிச்சது. சண்டை முடிஞ்ச கையோட. சத்தம் கேட்டதும் கொஞ்சப் பேர் ஷெல்லெண்டு பழைய பங்கர்க் குழிக்குள்ள பாஞ்சிட்டாங்க. மத்த ஆக்கள் கடல் வருதெண்டு பிள்ளைகளத் தூக்கிக்கொண்டு ஓடினாங்க. ஆலைப் பக்கம் ஒருத்தரும் போகல்ல."

"நீங்கள்?"

தேநீரை ஆற்றி என் முன் வைக்கிறார்.

"இப்பவும் எனக்கு விளங்கல்ல தம்பி. எங்கட அவர் அந்த நேரம் ஆலைக்குள்ளதான் வேலையில இருந்தவர். நான் அதுக்கு முதுகக் காட்டிக்கொண்டு, இப்ப வரும் இப்ப வருமெண்டு கடலையே பாத்துக்கொண்டு நிண்டன்."